கில்கேரா பாரக்ஸில் அடித்த வெயில்

அயர்லாந்தில் வெயில் அடிப்பதில்லை என்றொரு கருத்து நம்மிடையே நிலவுகிறது. படித்தவர்களும் இதை நம்புகிறார்கள் என்பது வருந்தத்தக்கது. இக்கருத்து பிழையானது, திருத்தப்பட வேண்டியது. அந்நாட்டின் தென்மேற்கே, ஆற்றங்கரை நகரம் ஒன்றில், கில்கேரா பாரக்ஸ் என்று அழைக்கப்படும் பழைய படைக்குடியிருப்பின் நடுவே, நூற்றிருபது அடி நீளமும் தொண்ணூறு அடி அகலமும் உள்ள அணிவகுப்பு மைதானத்தின் மேல், ஞாயிற்றுக்கிழமையும் கிறிஸ்துமஸும் உட்பட எல்லா நாளும் காலை பத்தேகால் முதல் பிற்பகல் மூன்றரை வரை வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அது அந்நாட்டு வெயிலும் அன்று. பாளையங்கோட்டை வெயில். குறிப்பாகச் சொல்வதென்றால், பங்குனி கடைசி வாரத்து வெயில்.

பிரெஞ்சுக்காரர்கள் கப்பலில் வந்து இறங்கிவிடுவார்கள் என்ற பயத்தில் கட்டப்பட்டது அந்த பாரக்ஸ். பிரெஞ்சுக்காரர்கள் வரவில்லை. ஆனால் கட்டிய கட்டடத்தைச் சும்மா வைத்திருக்க முடியாது என்பதால் படைகள் மாற்றி மாற்றி வந்தன. அப்படி 1853-இல் வந்த படை ஒன்று, பாளையங்கோட்டையில் பத்தொன்பது வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய படை. அவர்கள் கொண்டுவந்தவை மசாலாப்பொடியும் கிளிகளும் குளிர்காய்ச்சலும் மட்டுமே என்று நகரத்து வரலாற்றுச் சங்கம் நெடுநாள் எழுதிவந்தது. இதுவும் பிழை. அவர்கள் மைதானத்தில் வரிசை கட்டி நின்ற இரண்டாம் நாள் காலை, ஊரெல்லாம் தூறிக்கொண்டிருந்த மழை மைதானத்தின் நான்கு ஓரத்திலும் கோடு கிழித்தாற்போல நின்றது, உள்ளே வெயில் இறங்கியது. தகரப்பெட்டிகளில் அடைபட்டு வந்தது என்றும், ஒரு சார்ஜண்டின் முதுகில் ஊறியிருந்து கசிந்தது என்றும், பாண்டு வாத்தியத்துப் பெரிய முரசுக்குள் ஒளிந்திருந்தது என்றும் மூன்று விளக்கங்கள் உண்டு. மூன்றுக்கும் ஆதாரம் இல்லை. மறுக்கவும் ஆதாரம் இல்லை என்பதால் அவற்றை அப்படியே விட்டுவிடலாம்.

ஊர் அதை எப்படி ஏற்றுக்கொண்டது என்பதுதான் முக்கியம். முதல் வாரம் வியந்தார்கள், இரண்டாம் வாரம் குறை சொன்னார்கள், மூன்றாம் வாரம் ஈரத் துணியோடு வாசலில் வரிசையில் நின்றார்கள். சுற்றுத் தெருப் பெண்கள் மெத்தையும் போர்வையும் கொண்டுவந்தார்கள், மஞ்சள் காமாலை கண்ட பச்சைக் குழந்தைகளைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார்கள், நனைந்த கரித்துண்டுகளைக் கொண்டுவந்தார்கள், கல்யாணம் ஆகாத மகள்களைப் புகைப்படக்காரனோடு சேர்த்துக் கொண்டுவந்தார்கள். வெயிலில் உட்காருவது இன்பமா மருந்தா என்று ஆயர் மூன்று மாதம் யோசித்து, நோன்பு நாளான வெள்ளிக்கிழமைகளில் மட்டும் இன்பம் என்று தீர்ப்புச் சொன்னார். மருந்துக்கடைக்காரர் தோல் உரிந்தால் பூசும் களிம்பைப் பாதி மைதானத்துக்கும் பாதி அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வருபவர்களுக்கும் என்று கணித்து வாங்கினார். மைதானத்திலிருந்து வெளியே வந்து மழையில் கால் வைத்தவுடன், “இப்போதுதான் கொஞ்சம் நல்லாயிருக்கு, கடவுளுக்கு நன்றி” என்று சொல்வது மரியாதையாகக் கருதப்பட்டது.

1868-இல், தன் நிழலை அவ்வளவு கறுப்பாக அதுவரை பார்த்திராத மலைக்கிராமத்து இளைஞன் ஒருவன் மைதானத்தில் மயங்கி விழுந்தான். ராணுவ மருத்துவர் உடனே ஒரு பதிவேடு வைக்கச் சொன்னார்: வெயிலுக்குள் போகிறவர் எவரும் காவல்கொட்டடியில் போகும் நேரம், வரும் நேரம் குறித்துக் கையெழுத்திட வேண்டும். பதிவேட்டை அச்சடிக்கக் கொடுத்த எழுத்தன் கொஞ்சம் வேடிக்கைக்காரன். பத்திகளின் தலைப்பில் ‘பெயர்’, ‘இந்தியாவுக்குப் போன நேரம்’, ‘இந்தியாவிலிருந்து திரும்பிய நேரம்’, ‘கையொப்பம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டான். ராணுவத்தில் ஒரு நகைச்சுவை அச்சேறிவிட்டால் அது விதியாகிவிடும். 1922-இல் ஆங்கிலேயப் படை வெளியேறியபோது ஒப்படைப்புப் பட்டியலில், கட்டில் நானூற்றுப் பன்னிரண்டு, வாளி நூற்றெட்டு என்பவற்றுக்குக் கீழே ‘வெயில், ஒன்று, பயன்படுத்தப்பட்டது’ என்று இருந்தது. வாங்கிக்கொண்ட அயர்லாந்து அதிகாரி அண்ணாந்து பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். பதிவேட்டையும் அதே தலைப்புகளோடு அவர்கள் தொடர்ந்தார்கள். பிறகு அந்தப் படையும் போய், நகரசபை கட்டடத்தைக் குடியிருப்பாக்கியபோது, காப்பீட்டுக்காரர்கள் வற்புறுத்தியதால் நகரசபையும் தொடர்ந்தது.

அந்தக் குடியிருப்பின் இரண்டாம் மாடிக்குத்தான் ஜெபக்கனி குடிவந்தாள். பாளையங்கோட்டைக்காரி, பக்கத்து மருத்துவமனையில் நர்ஸ். கணவன் ஞானதுரை நகரப் பேருந்து ஓட்டினான். வந்த மறுநாள் மைதானத்துக்குள் கால் வைத்தவள், நாலடி நடந்ததும் நின்று, பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“என்ன, ரொம்பச் சூடா?” என்று கேட்டார் காவல்கொட்டடியில் இருந்த கீலி. ராணுவத்தில் சார்ஜண்டாக இருந்து, படை போன பிறகும் போகாமல் அங்கேயே காவலாளியாகத் தங்கிவிட்டவர்.

“இல்ல, கீலி சார். இது எங்க ஊர் வெயில்.”

“இருக்கும். எங்கோ வெளியூர் என்றுதான் சொன்னார்கள். ஆனால் என்னை சார் என்று கூப்பிடாதே. நான் சார்ஜண்ட். சார் என்பது என்னை விரட்டிக்கொண்டிருந்த ஆட்கள்.”

அவள் தொடர்ந்து சார் என்றே கூப்பிட்டாள். பதிவேட்டின் தலைப்பைப் பார்த்து முதல் நாள் சிரித்தாள். அதன் பிறகு கவனிக்கவில்லை. மருந்து கொடுத்த நேரத்தை நிமிஷம் பிசகாமல் எழுதிப் பழகிய கை என்பதால், மைதானத்துக்குள் போகும்போதும் வரும்போதும் நிமிஷக் கணக்கோடு எழுதினாள். மற்றவர்கள் ‘பன்னிரண்டு மணி வாக்கில்’ என்று கிறுக்கிவிட்டுப் போகும் பதிவேட்டில் அவள் வரிகள் மட்டும் ஆஸ்பத்திரிக் குறிப்பேடு மாதிரி இருந்தன.

ஆறாவது வருஷம் அவளுடைய அப்பா இறந்துபோனார். சமாதானபுரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். அந்நாட்டில் தங்க அனுமதிக்கும் அவளுடைய குடியிருப்பு அட்டை அப்போது புதுப்பிப்பதற்காகத் தலைநகரத்து அலுவலகத்தில் இருந்தது. அட்டை கையில் இல்லாமல் வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாமல் போகலாம் என்றார்கள். அடக்கத்தை அடுப்படியில் நின்று செல்போனில் பார்த்தாள். பாதியில் சிக்னல் போய், திரும்ப வந்தபோது மண் மூடியிருந்தது. அன்று அவள் ஞானதுரையிடம், “இனி எவன்ட்டயும் அட்டைக்கு நிக்க மாட்டேன். இந்த நாட்டுக் குடியுரிமைய வாங்கிட்டுதான் மறுசோலி” என்றாள். மறுநாள் முதல், முடிந்த நாளெல்லாம் மதியச் சாப்பாட்டை டப்பாவில் கட்டிக்கொண்டு மைதானத்துக்கு வரத் தொடங்கினாள். வடகிழக்கு மூலையில் துணிக்கொடிக் கம்பத்தை ஒட்டி உட்காருவாள். இரண்டு மணி வாக்கில் அந்த வெயிலில் சைக்கிள் டியூப் காய்கிற வாசனை லேசாக வரும். வேறு யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது, கடைசி ஒரு வருஷம் தொடர்ந்து நாட்டுக்குள் இருந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். மற்றவர்கள் மின்சார ரசீது வைப்பார்கள். ஜெபக்கனி எதையும் குறையாகச் செய்கிறவள் இல்லை. மின்சார ரசீதோடு, தான் இங்கேதான் இருந்தேன் என்று காட்ட, பாரக்ஸ் பதிவேட்டின் ஒரு வருஷத்துப் பக்கங்களைப் பிரதி எடுத்து, கீலியிடம் முத்திரை வாங்கி இணைத்தாள்.

நாலு மாதம் கழித்து மறுப்புக் கடிதம் வந்தது. கடிதத்தில் இருந்த எண்ணுக்கு அவள் கூப்பிட்டாள். மிஸ் கெரின் என்ற அதிகாரி மிகவும் தன்மையாகப் பேசினார்.

“ஒரு வருஷத்தில் எழுபது நாள் வரை வெளிநாட்டில் இருக்கலாம். நீங்கள் நூற்று நாற்பத்து மூன்று தடவை இந்தியா போய்வந்ததாகக் கையெழுத்திட்டிருக்கிறீர்கள்.”

“மேடம், அது மதியச் சாப்பாட்டுக்கு.”

“எதற்குப் போனீர்கள் என்பதை நாங்கள் பார்ப்பதில்லை.”

“ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி நேரந்தான்.”

“நாளின் ஒரு பகுதி வெளியே இருந்தாலும் அந்த நாள் முழுக்க வெளியே என்பது விதி.”

“அங்கே உட்கார்ந்தா எங்க வீட்டு அடுப்படி ஜன்னல் தெரியும், மேடம்.”

“எல்லையோர ஊர்களில் அப்படித் தெரிவது உண்டு,” என்றார் மிஸ் கெரின் அனுதாபத்தோடு.

கடிதத்தை வாசித்த ஞானதுரை பேருந்துச் சீருடையோடு நாற்காலியில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினான். “ஏட்டி ஜெபா, வருஷத்துக்கு நூத்தி நாப்பத்திமூணு தடவ ஊருக்குப் போயிருக்க. ஒரு தடவையாவது ஒரு பாக்கெட் அல்வா வாங்கிட்டு வந்தியா?”

“சிரிங்க, நல்லாச் சிரிங்க. என் கைய நானே வெட்டிக்கிட்டேன்.”

கீலி சிரிக்கவில்லை. கடிதத்தை இரண்டு முறை படித்தார். “அப்படியென்றால் நான் முப்பத்தோரு வருஷமாக இந்தியாவில் வேலை பார்த்திருக்கிறேன். எனக்கு யாரும் சொல்லவே இல்லையே” என்றார். பிறகு ஏணி போட்டுப் பரணில் ஏறி, 1868 முதலான பதிவேடுகளை ஒவ்வொன்றாக இறக்கினார்.

பதிவேடுகளைப் புரட்டிய அந்த வாரம் நகரத்துக்கு நல்ல வாரமாக இல்லை. நகரசபைத் தலைவர் நண்பகலில் வெளிச்சம் நன்றாக இருக்கிறதென்று மைதானத்தில் நின்று திருமணம் செய்தவர், எனவே வெளிநாட்டில் செய்த திருமணம், எனவே பதிவாகாத திருமணம். மனைவி மூன்று நாள் அவரோடு பேசவில்லை, அது வேறு காரணத்துக்காக என்றும் சொல்கிறார்கள். தீயணைப்புத் தலைவர், அவருடைய தாய் அவசரப்பட்டதால், ஒரு செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்குத் துணிக்கொடிக்கு அடியில் பிறந்தவர். 1931-ஆம் வருஷத்து இறுதியாட்டம் மழையால் மைதானத்துக்கு மாற்றப்பட்டு அங்கே வென்ற கோப்பையை, அடுத்த நகரத்துக்காரர்கள் செய்தி கேட்ட அன்றே திருப்பிக் கேட்டார்கள். மஞ்சள் காமாலைக்கு வெயிலில் கிடத்தப்பட்ட குழந்தைகள் இப்போது தாத்தாக்களாகி, தாங்கள் சட்டப்படி யார் என்று கேட்டுத் தலைநகரத்துக்குக் கடிதம் எழுதினார்கள். அத்தனை கடிதங்களும் மிஸ் கெரினின் மேசைக்கே போயின. அவர் ஒவ்வொன்றுக்கும் தன்மையாகப் பதில் எழுதினார். பதில்கள் யாருக்கும் நிம்மதி தரவில்லை.

நகரசபை அவசரமாகக் கூடியது. பதிவேடுகளை எரித்துவிடலாம் என்றார் ஒருவர். அதற்குத் தீயணைப்புத் துறையின் அனுமதி வேண்டும், அதன் தலைவர் வெளிநாட்டுக்காரரா என்பதே தீர்மானமாகவில்லை. மைதானத்துக்கு மேல் கூரை போட்டுவிடலாம் என்றார் இன்னொருவர். பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த சத்தத்தில் அந்தத் தீர்மானம் எழுதப்படாமலே போயிற்று. கடைசியில் மிஸ் கெரினே தலைநகரத்திலிருந்து ஒரு வழி சொன்னார். மைதானத்தை இந்தியாவாக்குவது வெயில்தான். வெயிலுக்கு அயர்லாந்துக் குடியுரிமை கொடுத்துவிட்டால், அதற்கடியில் இருந்தவர்கள் அனைவரும் எப்போதும் நாட்டுக்குள்ளேயே இருந்தவர்கள் ஆவார்கள். வெயில் ஐந்து வருஷத்துக்கு மேல் நாட்டில் இருக்கிறது. ஒரு நாளும் வெளியே போனதில்லை. நன்னடத்தைக்கு மூன்று பேர் சான்று கொடுத்தார்கள், அதில் ஒருவர் ஆயர். அடையாளச் சான்று ஒன்றுதான் பாக்கி: இது பாளையங்கோட்டை வெயில்தான் என்று அந்த ஊரில் பிறந்த ஒருவர் சத்தியம் செய்து தர வேண்டும்.

அந்த நகரத்தில் ஜெபக்கனி ஒருத்திதான் பாளையங்கோட்டையில் பிறந்தவள். ஞானதுரையையும் விசாரித்தார்கள். அவன் பிறந்த ஊர் நாசரேத் என்றான். நகரசபை எழுத்தர் பேனாவைக் கீழே வைத்து அவனைக் கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்த்தார். அது திருச்செந்தூர்ப் பக்கத்து நாசரேத் என்று விளக்க அவன் முயலவில்லை.

வெயிலின் விண்ணப்பம் நிறைவேறினால் அவளுடைய நூற்று நாற்பத்து மூன்று நாளும் உள்நாட்டு நாளாகிவிடும் என்று மிஸ் கெரின் தொலைபேசியில் சொன்னார். “இரண்டையும் ஒன்றாகவே முடித்துவிடலாம்” என்றார், சந்தோஷமாக.

அன்று சாயங்காலம் ஜெபக்கனி சப்பாத்தி மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள். ஞானதுரை வெங்காயம் நறுக்கினான்.

“என்னட்டி, மாவு என்ன பாவம் செஞ்சுது?”

“நான் இந்தக் குடியுரிமை வாங்குனா நம்ம நாட்டு பாஸ்போர்ட்ட என்ன செய்யணும்?”

“சரண்டர் பண்ணணும். மூலையக் கத்தரிச்சுத் திருப்பித் தருவான். உனக்குத் தெரியாததா?”

“இந்த ஊர்க்காரங்களுக்குத் தெரியாது. இவங்க நாட்டுல ரெண்டும் வச்சுக்கிடலாம். நம்ம நாட்டுல ஒண்ணுதான்.”

ஞானதுரை கத்தியை வைத்தான். “வெயிலுக்குமா?”

“வெயிலுக்கு மட்டும் தனிச் சட்டமா போட்டிருக்கான்?”

ஈர ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அவன் நறுக்கிய வெங்காயத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, “படிவத்துல அதப் பத்திக் கேட்டிருக்கா?” என்றான்.

“இல்ல.”

“கேக்காதத நீயா சொல்லப்போய்த்தான் நூத்தி நாப்பத்திமூணு ஆச்சு” என்றான், மெதுவாக.

அவள் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனாலும் மறுநாள் டப்பாவோடு காவல்கொட்டடிக்குப் போனவள், கையெழுத்துப் போடுவதற்கு முன் கீலியிடம் சொன்னாள்.

“இரண்டு வைத்துக்கொள்ள நாங்கள் விடுவோமே,” என்றார் அவர்.

“நீங்க விடுவீங்க. நாங்க விட மாட்டோம்.”

கீலி மைதானத்தைப் பார்த்தார். கொடிகளில் ஊரின் படுக்கை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. மதிலுக்கு மேல் கோடு கிழித்த இடத்தில் மழை நின்றுகொண்டிருந்தது.

“அப்படியானால் அது போய்விடுமா?”

“போகாது. இந்த ஊர் வெயிலாயிரும்.”

“அதைப் போய்விடும் என்றுதான் நாங்கள் சொல்வோம்.” “இதை நீ நகரசபையில் சொன்னால் வெயிலுக்கும் குடியுரிமை இல்லை, உனக்கும் இல்லை. வெயில் இருக்கும். நீ அட்டைக்கு நின்றுகொண்டிருப்பாய்.”

“ஆமா.”

“உன் அம்மா இருக்கிறாரா?”

“இருக்காங்க. எழுபத்தி நாலு.”

கீலி பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி, பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். “எங்கள் ஆட்கள் இந்த ஊரில் ஆயிரம் வருஷம் துணியை அடுப்புக்கு மேல் காயப்போட்டுத்தான் வளர்ந்தார்கள்” என்றார். “போய்ச் சத்தியம் செய்துவிட்டு வா, ஜெபா. சாப்பிட்ட பிறகு போ. இன்று நன்றாக அடிக்கிறது.”

வழக்கறிஞர் அலுவலகத்தில் இது உங்கள் ஊர் வெயில்தான் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள். முதலில் பின்கழுத்தில் விழும் என்றாள். பிறகு காது மடலுக்கு வரும், பன்னிரண்டரைக்கு உச்சந்தலையில் கை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கும், இரண்டு மணிக்குச் சைக்கிள் கடை வாசலில் போட்ட சாக்கு சுடுகிற மாதிரி கால் சுடும் என்றாள். வழக்கறிஞர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். வேறு ஏதாவது தெரிவிக்க விரும்புகிறீர்களா என்று கேட்டார். படிவத்தில் அதற்கு இடம் இருக்கிறதா என்று அவள் கேட்டாள். இல்லை என்றார். பைபிளின் மேல் கை வைத்துக் கையெழுத்திட்டாள், நேரமும் குறித்தாள்.

ஒரு வியாழக்கிழமை காலை வெயிலுக்குக் குடியுரிமை வழங்கப்பட்டது. நகரசபைத் தலைவர் மனைவியோடு வந்து, சான்றிதழைக் காவல்கொட்டடிச் சுவரில் மாட்டினார். பள்ளிக் குழந்தைகள் பாடினார்கள். ஆயர் தொப்பியைக் கழற்றினார். ஜெபக்கனி அன்று விடுப்பு எடுத்திருந்தாள். பத்தேகாலுக்குப் போய் மூலையில் உட்கார்ந்தவள் கூட்டம் கலைந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. புளிச்சோறு சாப்பிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு, டியூப் வாசனைக்காக இரண்டு மணி வரை காத்திருந்தாள், அதன் பிறகும் அங்கேயே இருந்தாள். மூன்றரைக்கு மழை மதிலைத் தாண்டி வழக்கம்போல உள்ளே வந்தபோது, நனைந்துகொண்டே போய்த் திரும்பிய நேரம் எழுதினாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு மைதானத்தில் தூறிக்கொண்டிருந்தது. பதினொன்றுக்கும் தூறியது. சனி, ஞாயிறும் அப்படியே. பெண்கள் துணிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். புதிதாகக் குடியேறியவர்கள் பழக்கப்பட நாளாகும் என்று முதல் வாரம் பேசிக்கொண்டார்கள். இரண்டாம் வாரம், உண்மையில் அந்தச் சூடு கொஞ்சம் அதிகம்தான் என்றார்கள். மூன்றாம் வாரம் மருந்துக்கடைக்காரர் களிம்புப் பெட்டிகளை இறக்கிவிட்டு அந்த அடுக்கில் இருமல் மருந்தை வைத்தார். கோப்பையைத் திருப்பிக் கேட்டவர்கள் அடங்கினார்கள். கீலி பதிவேட்டை எடுத்து, கடைசிப் பெயருக்குக் கீழே அளவுகோல் வைத்து ஒரு கோடு போட்டு மூடினார்.

ஜெபக்கனியின் குடியுரிமை அடுத்த மாதம் வந்தது. பழைய பாஸ்போர்ட்டைத் தூதரகத்துக்கு அனுப்பினாள். பதினெட்டாம் நாள் அது தபாலில் திரும்பி வந்தது, அட்டையின் மேல் வலது மூலை கத்தரிக்கப்பட்டு. அவள் அன்றே பாளையங்கோட்டைக்கு டிக்கெட் எடுத்தாள்.

அவள் புறப்படுவதற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை, மாலை நாலரை மணிக்கு மேகம் விலகி ஊர் முழுவதும் பதினோரு நிமிஷம் வெயில் அடித்தது. கில்கேரா மைதானத்திலும் அடித்தது, துணிக்கொடிக் கம்பம் நட்டிருந்த வடகிழக்கு மூலையில் கத்தரித்தாற்போல முக்கோணமாக ஆறடி இடம் தவிர. கீலி கம்பத்தைப் பிடுங்கி, ஏழடி தள்ளி, வெயில் விழுந்த இடத்தில் நட்டார்.